ஐஸ் மீன்பிடி ரென்ற் வாங்கினால் கசூரினாவிலும் விரிக்கலாமோ?

வலிமேற்கு:
ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சி குடும்பம் இந்தக் குளிருக்குச் சிம்கோ ஏரியில ஐஸ் மீன்பிடிக்க ஒரு ரென்ற் வாங்கப்போகினம். பெரியாக்கள் 2, பிள்ளையள் 3 (12, 9, 5 வயசு). ஓகஸ்ற் விடுமுறைக்கு ஊருக்கு வரேக்க அதையே கொண்டுவந்து கசூரினா, சாட்டி, மணற்காடு எண்டு போற யாழ்ப்பாணக் கடற்கரையெல்லாம் விரிக்கலாம் எண்டு நினைக்கினம். பகல் முழுக்கத் தூண்டில், குளிப்பு, சாப்பாடு. ஒரே சாமான் ரெண்டு இடத்துக்கும் சரிவருமோ? இல்லையெண்டால் இங்க என்ன பாவிக்கலாம்? இரண்டுக்கும் விபரமாச் சொல்லுங்கோ.

சிம்கோக்கரை:
ஐஸ் பக்கத்தை நான் சொல்லுறன். கடற்கரையை அங்க இருக்கிறவை சொல்லட்டும்.

குடும்பத்துக்கெண்டால் ஹப் வகைதான். நாலு சுவரிலயும் கூரையிலயும் நடுவில ஒரு குமிழ். வாரைப் பிடிச்சு வெளியால இழுக்க, பைபர் கிளாஸ் தடியள் வளைஞ்சு சுவர் தானா விறைச்சு நிற்கும். மற்றது பிளிப் ஓவர்: சறுக்குத் தட்டில இருக்கையோட வாறது, துணியைத் தலைக்கு மேலால கவிழ்த்து மூடலாம். இடம் மாறி மாறித் துளை போடுற ஒரு ஆள், ரெண்டு ஆளுக்கு அதுதான் திறம். ஆனால் 5 வயசுப் பிள்ளை எழும்பி நடக்க அதுக்குள்ள இடமில்லை.

பெட்டியில எழுதியிருக்கிற ஆள் எண்ணிக்கையை நம்பவேண்டாம். அது வாளியில நெருக்கி இருக்கிற கணக்கு. ‘3 பேர்’ எண்டு விக்கிறது பக்கம் 1.8 மீற்றர், தரை 3.2 சதுர மீற்றர். அதுக்குள்ள ஹீற்றர், ரெண்டு துளை, குளிர்ச் சப்பாத்துக்கள் எண்டு வந்தால் பெரியாக்கள் ரெண்டு பேரும் ஒரு பிள்ளையும்தான். உங்கட தங்கச்சியாக்களுக்குப் பக்கம் 2.4 மீற்றர் வேணும். தரை ஏறக்குறைய 5.7 சதுர மீற்றர் வரும். அதுக்கு மேல போகாமல் இருக்க ஒரு காரணமும் இருக்கு. ஒன்ராறியோவில துணி ரென்ற் 7 சதுர மீற்றருக்கு உட்பட்டால் பதியத் தேவையில்லை. ரெண்டு ஹப்பை ஒட்டின நீட்டு வகை 11 சதுர மீற்றர் தாண்டும். ஐஸ் குடில் பதியவேண்டிய வலயங்களில அதுக்கு இலக்கம் எடுத்து வெளியில தெரிய எழுதவேணும்.

பிள்ளையள் இருக்கிறபடியால் பஞ்சு அடைச்ச துணியா எடுக்கச் சொல்லுங்கோ. சூட்டுக்காக மட்டுமில்லை. புரொப்பேன் எரியேக்க நீராவியும் வரும். ஒற்றைத் துணியில அது உள்பக்கம் உறைஞ்சு, ஹீற்றர் கூடினவுடன உருகித் தலையில சொட்டும். பஞ்சு அடைச்சதில இந்தச் சொட்டு மிச்சம் குறைவு. ஆனால் பாரம் கூட. 2.4 மீற்றர் ரென்ற் 16 முதல் 20 கிலோ வரும் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

ஹீற்றர் வைச்சால் கூரைக்குக் கிட்ட ஒரு துவாரமும் நிலத்துக்குக் கிட்ட ஒரு துவாரமும் எப்பவும் திறந்திருக்கவேணும். ரென்றின்ர அடியில சுற்றிவர விரியிற பாவாடைத் துணிக்கு மேல பனியை வழிச்சுப் போட்டுச் சுற்றிவர அடைச்சால் கீழ்க்காற்று நிண்டுபோம். அப்ப காபனோரொட்சைட்டு எண்ட நச்சுவாயு சேரும். மணமில்லை, நிறமில்லை, பிள்ளையளுக்கு முதல் தலையிடி, பேந்து நித்திரை மாதிரித்தான் இருக்கும். பற்றரியில வேலைசெய்யிற காபனோரொட்சைட்டு அலாரம் ஒண்டு ரென்றுக்குள்ள தொங்கவேணும், அதில விட்டுக்கொடுப்பு இல்லை. 460 கிராம் புரொப்பேன் சிலிண்டர் ஒண்டு, ஹீற்றர் மணிக்கு 4,000 பி.ரி.யூ. (சூட்டை அளக்கிற அலகு) அளவில எரிஞ்சால், 5 மணித்தியாலம் சொச்சம் போகும். 9,000 எண்டால் 2 மணித்தியாலம் சொச்சம்தான்.

விரிக்கிற முறை: பையில இருந்து எடுத்து ஐஸில படுக்கப்போட்டு, காற்று வாற பக்கத்து ரெண்டு மூலையையும் முதல் திருகு ஆணியால இறுக்குங்கோ. அதுக்குப் பிறகுதான் குமிழ் இழுக்கிறது. எல்லாரும் பிழைவிடுறது இதிலதான். முதல் நிமித்திப்போட்டு ஆணி தேடினால் ரென்ற் ஏரியில உருண்டு போய்க்கொண்டிருக்கும். காற்றுப் பக்கத்துச் சுவர்க் குமிழில ஒரு வளையம் இருக்கும். அதில இருந்து வெளியால இழுவைக் கயிறு கட்டாட்டி ஒரு வீச்சில சுவர் உள்ளுக்கு மடங்கும். தடி முறியிறது பெரும்பாலும் அப்பதான். கழட்டேக்க காற்றுப் பக்கத்து ஆணியள் கடைசி.

ஐஸ் தடிப்பு: தெளிவான ஐஸ் 10 சென்ரிமீற்றர் இருந்தால் நடக்கலாம். வெள்ளை ஐஸ் எண்டால் அதின்ர இரட்டிப்பு வேணும். ஆற்றுவாய்க்குக் கிட்ட எந்தக் கணக்கையும் நம்பாதேங்கோ. ஒன்ராறியோவில ஐஸில ஒரு ஆள் ரெண்டு தூண்டில் போடலாம்; ஆனால் ரெண்டும் 60 மீற்றருக்குள்ள, எந்நேரமும் மறைப்பில்லாமல் கண்ணுக்குத் தெரியவேணும். வெளியில ஒரு தூண்டில் விட்டால் அந்தப் பக்கம் யன்னல் இருக்கவேணும் எண்டு அர்த்தம். பாவிக்காத துளையை வாளி மூடியால மூடுங்கோ. 20 சென்ரிமீற்றர் துளை சின்னப் பிள்ளையின்ர காலுக்குப் போதும்.

மணற்காட்டான்:
உதை ஊருக்குக் கொண்டுவராதேங்கோ. காரணம் சொல்லுறன்.

ஐஸ் ரென்ற் காற்றை வெளியில வைச்சுச் சூட்டை உள்ளுக்குப் பிடிக்கச் செய்தது. எங்களுக்கு வேண்டியது தலைகீழ். கறுப்பு, கடும்நீலம், உள்ளுக்கு இருட்டு (துளைக்குள்ள மீன் தெரியத்தான் இருட்டு), யன்னல் எல்லாம் கண்ணாடிப் பிளாஸ்ரிக். யன்னலைக் கழட்டினாலும் நாலு பக்கமும் சுவர். ஓகஸ்ற் மத்தியானம் அதுக்குள்ள பிள்ளையை நித்திரையாக்க ஏலாது.

ரெண்டாவது, திருகு ஆணி. ஐஸில கல்லுமாதிரிப் பிடிக்கும். மணலில கையாலயே உருவலாம். இதோட வாற இரும்பு முளையளும் அப்பிடித்தான்.

மூன்றாவது, காற்றின்ர கணக்கு. 2.4 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரச் சுவரில 30 கிலோமீற்றர் வேகக் காற்று ஏறக்குறைய 25 கிலோ பாரத்தால தள்ளுற மாதிரி. 40 எண்டால் 45 கிலோ. 50 எண்டால் 70 கிலோ. வேகம் இரட்டிச்சால் தள்ளல் நாலு மடங்கு. சோளகக் காற்று நிண்டு அடிக்கிற மாதங்களில மேல சொன்ன முதல் ரெண்டும் புதுமையில்லை. நாலு பக்கமும் மூடின பெட்டியைக் கடற்கரையில நிறுத்தினால் அது வள்ளத்துப் பாய் மாதிரித்தான் வேலைசெய்யும்.

கசூரினாவில இன்னுமொரு சிக்கல். அந்தக் கரை வடக்குப் பார்த்தது. சோளகம் தென்மேற்கால, தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அலை இல்லை எண்டு சனம் சந்தோசப்படும். ஆனால் பறக்கிற எதுவும் கடலுக்குத்தான் போகும். ரென்றும் போகும், காற்றடைச்ச ரியூப்பில இருக்கிற பிள்ளையும் போகும். ரியூப்புக்குக் கயிறு கட்டுங்கோ, இல்லாட்டி கொண்டுபோகாதேங்கோ.

கோண்டாவில்_99:
அப்ப 3×3 மீற்றர் மடக்குக் கொட்டகை? கால் நாலையும் இழுத்தால் முடிஞ்சுது. பக்கம் திறந்திருக்கு, நிழலும் கூட.

தரப்பாள்காரன்:
வீட்டு முற்றத்துக்கு நல்லது. கடற்கரைக்கு மூண்டு குறை. கூரைக்குக் கீழ இருக்கிற கத்தரி மாதிரிச் சட்டங்கள் பக்கக் காற்றில முறுகும். ஒண்டு வளைஞ்சால் பேந்து மடக்க ஏலாது. மலிஞ்சதில கால் இரும்பு, மேல பூச்சு. பூச்சுச் சுரண்டின இடத்தில உப்பு பிடிச்சு ஒரு பருவத்தில கறள் ஏறி, கால் காலுக்குள்ள இறுகிப்போம். மூண்டாவது, கால் மணலில நிக்கிறதுதான், புதைக்கிறதில்லை. ஒவ்வொரு காலுக்கும் 15 கிலோவுக்குக் குறையாமப் பாரம் கட்டவேணும். கொட்டகையே 15 முதல் 25 கிலோ. வான் இருக்கிறவை யோசிக்கலாம். ஓட்டோவிலயும் மோட்டச் சைக்கிளிலயும் போறவைக்குச் சரிவராது.

நான் சொல்லுறது தரப்பாள். 3×4 மீற்றர், துணிமாதிரி நெய்த தடிச்ச ரகம், வெள்ளி முகம் மேல. கூட வேண்டியது:

முன்னுக்கு ரெண்டு தடி, 2.5 மீற்றர். சவுக்குத் தடியோ ஒரு அங்குல ஜிஐ பைப்போ. பிவிசி வேண்டாம், வெய்யிலில வளையும். 40 சென்ரிமீற்றர் மணலுக்குள்ள போனால் 2.1 மீற்றர் மேல நிக்கும். பின்னுக்கு ரெண்டு தடி 1.4 மீற்றர், புதைச்சால் ஒரு மீற்றர் மேல. சாய்வு காற்று வாற பக்கம் பதிஞ்சு, திறப்பு மற்றப்பக்கம் உயர்ந்து இருக்கவேணும். பதிஞ்ச பக்கத்தால ஏறுற காற்று கூரையைக் கீழ அமத்தும். திருப்பிக் கட்டினால் அதே காற்று உள்ளுக்குப் புகுந்து தூக்கும்.

தரப்பாளின்ர அலுமினியக் கண்ணில நேர கயிறு கட்டாதேங்கோ. ரெண்டு பலத்த வீச்சில கண் கழண்டு ஓரம் கிழியும். ஒரு கூழாங்கல்லை, தேசிக்காயளவு, தரப்பாளுக்குக் கீழ வைச்சுத் துணியோட சேர்த்துச் சுருக்குப் போட்டுக் கட்டுங்கோ. இழுக்க இழுக்க இறுகும். துணியில ஓட்டை இல்லை. கூரான சிப்பி வேண்டாம்.

கயிறு 6 மில்லிமீற்றர், மீன்பிடிச் சாமான் கடையில விக்கிற பொலிப்புரொப்பிலீன். உப்புத் தண்ணி ஊறாது, தண்ணியில மிதக்கும். ஆனால் முடிச்சு வழுக்கும், வாலை நீட்டா விட்டு இன்னொரு முடிச்சுப் போடவேணும். நைலோன் நனைஞ்சால் இழுபடும், மத்தியானம் கட்டினது பின்னேரம் தொங்கும்.

இனி முக்கியமானது, நங்கூரம். முளையை மறந்துவிடுங்கோ. 40×40 சென்ரிமீற்றர் துணிப்பை, உரப்பையை வெட்டித் தைச்சாலும் சரி. 10 லீற்றர் ஈர மணல் போட்டால் 18 கிலோ சொச்சம். பையின்ர வயிற்றில கயிற்றைக் கட்டி, 40 சென்ரிமீற்றர் ஆழத்தில படுக்கப் புதைச்சு, மேல மணலை மிதிச்சு இறுக்குங்கோ. கயிறு தடியில இருந்து 45 பாகை சரிவில வெளியால வரவேணும். தடி 2.1 மீற்றர் எண்டால் பை தடியில இருந்து 2.1 மீற்றர் தூரத்தில. கிட்டக் கட்டினால் மேல இழுக்கும், பை கிளம்பும். மேல வைச்ச 18 கிலோப் பை சறுக்கும். அதையே புதைச்சால் மேல இருக்கிற மணலையும் சேர்த்துத் தூக்கினால்தான் அசையும்.

பை வெறுமையாப் போகும், வெறுமையா வரும். பாரம் காவுற வேலையே இல்லை.

வேலணைப் பக்கம்:
மணற்காட்டான் கசூரினாவைச் சொன்னார். சாட்டி அப்படியே எதிர்மாறு. அது தெற்குக் கரை, சோளகம் கடலில இருந்து நேரே முகத்துக்கு வரும். தரப்பாள்காரன் சொன்ன மாதிரிப் பதிஞ்ச பக்கத்தைக் காற்றுக்கு வைச்சால் கடல் மறைஞ்சுபோம். தண்ணிக்குள்ள நிக்கிற பிள்ளையளைப் பார்க்க ஏலாது. இதுக்குக் கூரையைச் சாய்க்காமல் நாலு தடியும் ஒரே உயரத்தில, கொஞ்சம் பதிவா 1.7 மீற்றரில தட்டையாக் கட்டி, கடல் பக்கத்துக்கு விவசாயக் கடையில விக்கிற 50 வீத நிழல் வலையை இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் இழுத்துவிடலாம். மணல் பறக்கிறது பெரும்பாலும் அந்த உயரத்துக்குக் கீழதான். வலைக்குள்ளால காற்று வடிஞ்சு வரும், தள்ளலும் குறையும், சாப்பாட்டுக்கை மணலும் விழாது. தட்டைக் கூரை நடுவில தொங்கினால் படபடக்கும், குறுக்கால ஒரு கயிறு இறுக்கிக் கட்டுங்கோ.

வெய்யிலையும் பார்க்கவேணும். ஓகஸ்ற் கடைசியில மத்தியானம் சூரியன் எங்கட உச்சந்தலைக்கு மேல. நிழல் கூரைக்கு நேர் கீழ விழும். பின்னேரம் 4 மணிக்கு 2 மீற்றர் உயரக் கூரையின்ர நிழல் கிட்டத்தட்ட 3 மீற்றர் கிழக்கால தள்ளிப்போம். 3 மீற்றர் அகலக் கூரை எண்டால் அதுக்குக் கீழ நிழலே இல்லை! சனம் பாயை இழுத்துக்கொண்டு திரியிறது இதாலதான். கசூரினாவில ஓகஸ்றில அதிர்ஷ்டம் என்னெண்டால் காற்றும் தென்மேற்கு, பின்னேர வெய்யிலும் மேற்கு. பதிஞ்ச பக்கத்தைத் தென்மேற்குக்கு வைச்சால் ஒரே மறைப்பு ரெண்டையும் பார்த்துக்கொள்ளும், திறப்புக் கடலைப் பார்க்கும். மார்கழியில கதை வேறை: மத்தியானமே நிழல் ஒரு மீற்றருக்கு மேல வடக்கால தள்ளும், வாடை வடகிழக்கால கடலில இருந்து வரும், திருப்பிக் கட்டவேணும்.

வலிமேற்கு:
நல்ல விபரம், நன்றி எல்லாருக்கும். மணற்காட்டில சவுக்கு மரங்களுக்குள்ள கட்டலாமோ? பண்ணைக் கடலில தூண்டில் போடேக்க, கீரிமலைப் பக்கம் போனால் என்ன செய்யிறது? அங்க மணலே இல்லையே.

மணற்காட்டான்:
சவுக்குக்குள்ள எண்டால் தடியே வேண்டாம், மரத்துக்கு மரம் கட்டலாம். கயிறு மரப்பட்டையை அறுக்காமல் சாக்குத் துண்டு சுத்துங்கோ. பட்ட கொப்பு மேல இருக்கோ எண்டு பார்த்துவிட்டு இருங்கோ. சோளகத்துக்கு முறிஞ்சு விழும். நெருப்பு வேண்டவே வேண்டாம். சவுக்குச் சருகு எண்ணெய் ஊத்தின மாதிரிப் பிடிக்கும். சமைச்சுக் கட்டிக்கொண்டு போங்கோ. மணல்மேட்டு உச்சியில கட்டாதேங்கோ, மேட்டின்ர வடகிழக்குச் சரிவில அடியில கட்டினால் சோளகத்துக்கு மறைப்பு. ஆனால் உச்சியில இருந்து மணல் தூவிக்கொண்டிருக்கும், மேட்டடியில இருந்து 5, 6 மீற்றர் தள்ளியிருங்கோ.

பண்ணைத் தூண்டில்:
பண்ணை வீதியோரத்தில எதையும் விரிக்கவேண்டாம். ஒரு பக்கம் பஸ், ஒரு பக்கம் தண்ணி. தரப்பாள் ஒண்டு அவிழ்ந்து மோட்டச் சைக்கிள்காரன்ர முகத்தில அடிச்சால் என்ன நடக்கும்? அங்க விடிய வெள்ளண்ண போய் வெய்யில் ஏற முதல் வாறதுதான் முறை. தொப்பி போதும். பிள்ளையளோட எண்டால் ஓரா மீன் மாட்டினால் கையால பிடிக்க விடாதேங்கோ. முதுகு முள்ளில நஞ்சு. குறட்டால பிடிச்சுத் தூண்டிலைக் கழட்டவேணும். குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணியில கையை வைச்சிருந்தால் நோ குறையும், அதுக்குச் சுடுதண்ணிப் போத்தில் ஒண்டு கொண்டுபோங்கோ. பெரியாள் ஒராள் முதல் தன்ர கையை விட்டுச் சூடு பார்க்கவேணும், பிள்ளைக்கு நோவில சூடு தெரியாது. கெழுத்திக்கும் இதே வைத்தியம். நோ குறையாட்டி ஆசுப்பத்திரி.

கீரிமலை, பருத்தித்துறைப் பக்கம் முருகைக்கல். முளையும் போகாது, புதைக்கவும் ஏலாது. பையை மணலுக்குப் பதிலாக் கல்லால நிரப்பி, கயிற்றை நீட்டா விட்டுப் படுக்க வையுங்கோ; புதைக்காத படியால் மூலைக்கு ரெண்டு பை. தடியின்ர அடியை ஒரு வாளிக்குள்ள வைச்சுக் கல்லு அடைஞ்சால் நிக்கும். காற்றுக் கூடினால் கூரையை இறக்கிவிட்டுக் குடையோட இருங்கோ.

சிம்கோக்கரை:
கொண்டுவாறது எண்டு பிடிவாதமா நிண்டால் இன்னொண்டு: மடிச்ச பை ஒன்றரை மீற்றருக்கு மேல நீளம். விமானப் பொதிக்கு நீளம், அகலம், உயரம் கூட்டி 158 சென்ரிமீற்றர் எண்டதுதான் வழமையான எல்லை, பாரம் 23 கிலோ. நீளமே அதைத் தின்றுவிடும், அளவு மீறினதுக்குத் தனிக்காசு. அந்தக் காசுக்கு ஊரில தரப்பாளும் தடியும் கயிறும் வாங்கலாம்.

ஏற்கனவே ஆரும் கொண்டுவந்து வைச்சிருந்தால் எறியவேண்டாம். தரை இல்லாதபடியால் உடுப்பு மாத்துற அறையாப் பாவிக்கலாம். தை, மாசியில இராத் தூண்டிலுக்குப் பனிக்கும் வாடைக்கும் மறைப்பு, யன்னல் திறந்து. உள்ளுக்கு அடுப்போ கரியோ பத்தவைக்கக் கூடாது, சிம்கோவில சொன்ன அதே காரணம். பாவாடைத் துணிக்கு மேல பனிக்குப் பதிலா ஈர மணல் கொட்டலாம், நல்லாப் பிடிக்கும்.

தரப்பாள்காரன்:
அதை ஊரில வைச்சிருக்கிறவை ஒண்டு கவனிக்கவேணும். துணியின்ர உள்பக்கத்துப் பூச்சு எங்கட சூட்டுக்கும் ஈரத்துக்கும் மடிச்சபடி கிடந்தால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், பேந்து செதில் செதிலா உரியும். தகரக் கூரைக்குக் கீழ, ஈரத்தோட மடிச்சு வைக்காதேங்கோ. தளர்வா மடிச்சு நிழலில.

எந்தக் கூடாரமெண்டாலும் அண்டைக்கே நல்ல தண்ணியில கழுவவேணும். தீவுப்பகுதியில கிணறு உவர், அதில கழுவிப் பிரயோசனமில்லை, வீட்டில வந்து கழுவுங்கோ. சிப்தான் முதல் போறது. சிப்பின்ர பல்லுக்கு ஒண்டும் ஆகாது, ஓடுற தலையில உப்புக் கட்டி இறுகும். பழைய பல்லுத் தூரிகையால தேய்ச்சுக் கழுவி, காய்ஞ்சபிறகு மெழுகுதிரித் துண்டை உரஞ்சிவிடுங்கோ. எண்ணெய் போட்டால் மணல் ஒட்டி இன்னும் கெடும்.

வலிமேற்கு:
அப்ப ரென்ற் கனடாவிலயே இருக்கட்டும், 2.4 மீற்றர், பஞ்சு அடைச்சது, அலாரத்தோட. இங்க வாங்க நான் எழுதினது: 3×4 தரப்பாள் 1, 2.5 மீற்றர் தடி 2, 1.4 மீற்றர் தடி 2, 6 மில்லிமீற்றர் கயிறு 20 மீற்றர், துணிப்பை 4, நிழல் வலை 4 மீற்றர், சின்ன மண்வெட்டி. சரியோ?

தரப்பாள்காரன்:
கயிறு காணாது. முன் தடி ஒண்டுக்கு 45 பாகைக்கு 3 மீற்றர், முடிச்சுக்கும் பையைச் சுத்தவும் ஒண்டரை. முன்னுக்கு ஒவ்வொரு தடிக்கும் ரெண்டு திசையில கட்டவேணும், அதுவே 18 மீற்றர். பின்னுக்கு 6. 30 மீற்றர் சுருள் எடுங்கோ. பையும் 4 இல்லை, 6.

வேலணைப் பக்கம்:
சாட்டிக்குப் போறதெண்டால் அந்த 1.4 மீற்றர்த் தடியும் உதவாது. நாலும் 2.5 ஆ வாங்குங்கோ. கசூரினாவில பின் தடி ரெண்டையும் நட்டுவிட்டு, தரப்பாளை ஒரு மீற்றர் உயரத்தில தடியோட கட்டினால் சரி. மேல நீட்டிக்கொண்டு நிக்கிற துண்டில நிழல் வலையைக் கொளுவலாம். பிள்ளையளின்ர கண் உயரத்தில தடி நுனி வராமலும் இருக்கும்.